கொத்மலை ஓயா போய்ச் சேரும் ஊர்

எங்கள் லயத்துக்கு, அதாவது தோட்டத்து வரிசை வீடுகளுக்கு, பின்னால் இருபது படி இறங்கினால் ஒரு பீலி இருக்கிறது. பாறை இடுக்கில் ஊறும் தண்ணீரை முன்பு பிளந்த மூங்கிலில் ஏந்தி விட்டிருந்தார்கள். இப்போது கறுப்புக் குழாய் ஒன்று வைத்திருக்கிறார்கள். குடிக்கவும் குளிக்கவும் துணி துவைக்கவும் ஏழு குடும்பங்களுக்கு அந்த ஒரே பீலிதான். அதிலிருந்து வழியும் தண்ணீர் ஓடையாகித் தேயிலை மலைகளுக்கு நடுவே இறங்கி, தலவாக்கலைக்கு அருகில் கொத்மலை ஓயா என்னும் ஆற்றில் கலக்கிறது. என் அம்மா முப்பத்தெட்டு வருடங்கள் அந்த ஓடையை ஒட்டிய மலைகளில் கொழுந்து பறித்தவர். காலையில் வேலை பிரிக்கும் பெரட்டுக்குப் போகும்போது ஒரு முறை, கொழுந்து நிறுத்துவிட்டுத் திரும்பும்போது ஒரு முறை என்று அவர் அந்த ஓடையைத் தாண்டாத வேலைநாள் கிடையாது.

சென்ற வருடம் ஒரு மாலை என் மகன் பாடசாலைப் பாடத்துக்காக இலங்கைப் படத்தில் ஆறுகளை நீல நிறத்தால் வரைந்துகொண்டிருந்தான். மகாவலியை வரைந்து முடித்து, அதன் கிளையாகக் கொத்மலை ஓயாவையும் சேர்த்துவிட்டு அதை அம்மாவிடம் காட்டினான். அம்மா அந்தக் கோட்டின் மேல் விரலை வைத்து, கண்டி, மகியங்கனை, மன்னம்பிட்டி என்று அவன் ஒவ்வொன்றாகச் சொல்லச் சொல்ல விரலை நகர்த்திக்கொண்டே போய், கிழக்குக் கரையில் கடல் தொடங்கும் இடத்தில் நிறுத்தினார். “இது எந்த ஊரு?” என்று கேட்டார். “திருகோணமலை, அம்மாயி” என்றான் மகன். “அப்ப நம்ம பீலித் தண்ணி திருகோணமலைக்கா போகுது?” என்று அவர் கேட்ட கேள்விக்கு நாங்கள் இருவரும் ஆமாம் என்றோம். அவருக்கு அது நம்பும்படியாக இல்லை என்பது முகத்தில் தெரிந்தது.

திருகோணமலையில் எங்களுக்கு உறவு உண்டு. 1977ஆம் ஆண்டு தமிழருக்கு எதிரான வன்செயலில் தோட்டத்தை விட்டு வெளியேறிய குடும்பங்களில் என் பெரியம்மாவின் குடும்பமும் ஒன்று. வடக்குக்கும் கிழக்குக்கும் அப்படிப் போனவர்கள் ஆயிரக்கணக்கானோர். பெரியம்மா இப்போது இல்லை. அவருடைய மகன், என் அண்ணன், நகரத்துக்கு வெளியே வீடு கட்டிக் குடியிருக்கிறார். நல்லது கெட்டதுக்கு அவர்கள்தாம் மலைக்கு ஏறி வந்திருக்கிறார்களே தவிர, அம்மா ஒரு முறையும் அங்கே இறங்கிப் போனதில்லை. யுத்தம், அதற்கு முன் தோட்டத்து வேலை, அதற்குப் பின் முழங்கால் வலி என்று ஒவ்வொரு காலத்துக்கும் ஒரு காரணம் இருந்தது. ஆகஸ்ட் விடுமுறையில் இரண்டு நாள் பயணமாகப் போய்வருவது என்று முடிவு செய்தோம். அம்மா, நான், என் கணவர், மகன், தம்பி குடும்பம் என்று ஒன்பது பேர் ஒரு வேன் பிடித்தோம்.

அதிகாலை மூன்று மணிக்குத் தலவாக்கலையில் தூறல். தென்மேற்குப் பருவக்காற்றுக் காலத்தில் எங்கள் பக்கம் சூரியனைப் பார்ப்பதே அரிது. எல்லோரும் கம்பளிச் சட்டையோடுதான் ஏறினோம். ஹட்டன், கினிகத்தேனை, நாவலப்பிட்டி, கம்பளை என்று வேன் வளைந்து வளைந்து இறங்க, ஒவ்வொரு ஊரிலும் ஒரு சட்டை கழன்றது. விடியும் நேரத்தில் கட்டுகஸ்தோட்டைப் பாலத்தில் மகாவலியைக் கடந்தோம். அந்த இடத்திலேயே அதற்கு ஒரு பெரிய ஆற்றின் அகலம் வந்துவிட்டிருந்தது.

அங்கிருந்து சற்றுத் தூரத்தில் பொல்கொல்லையில் ஆற்றுக்குக் குறுக்கே அணை இருக்கிறது. 1976ஆம் ஆண்டு முதல் அந்த அணை மகாவலி நீரின் ஒரு பகுதியை மலைக்கு அடியில் குடைந்த ஏறத்தாழ 8 கிலோமீற்றர் நீளச் சுரங்கத்தின் வழியே உக்குவளைக்குத் திருப்பி அனுப்புகிறது. திருப்பப்பட்ட நீர் சுது கங்கை, அம்பன் கங்கை வழியாக எலஹெரைக்குப் போய், கால்வாய்களில் ஏறி, மின்னேரியா, கவுடுல்ல, கந்தளாய் ஆகிய குளங்களை நிரப்புகிறது. எஞ்சிய நீர் கண்டியைச் சுற்றிக்கொண்டு விக்டோரியா, ரந்தெனிகலை அணைகளைத் தாண்டிச் சமவெளியில் இறங்குகிறது. ஆகவே எங்கள் தண்ணீர் திருகோணமலைக்கு இரண்டு வழியில் போகிறது. நாங்கள் போன சாலை அவற்றுள் முதலாவது வழியை ஒட்டியது. நான் புவியியல் படிப்பிப்பவள் என்பதால் இதை வேனில் எல்லோருக்கும் விளக்கிச் சொன்னேன். அம்மா மட்டும் முழுக்கக் கேட்டார்.

மாத்தளை முத்துமாரியம்மன் கோயிலில் தேங்காய் உடைத்துவிட்டுப் புறப்பட்டோம். எங்கள் மக்களுக்கு மாத்தளையும் அதற்கு வடக்கே நீளும் சாலையும் வெறும் பயண வழி அல்ல. கோப்பித் தோட்டக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து தோணியில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள் காட்டு வழியே நடந்து வந்து மலையேறிய வாசல் மாத்தளை. காய்ச்சலிலும் வாந்திபேதியிலும் பசியிலும் வழியில் விழுந்தவர்களுக்குக் கணக்கு இல்லை. 2023ஆம் ஆண்டில் மலையக மக்களின் 200 ஆண்டு நினைவாகத் தலைமன்னாரிலிருந்து மாத்தளை வரை நடைபவனி நடந்தபோது நானும் கடைசி நாளில் சிறிது தூரம் நடந்தேன். இந்தத் தடவை அதே ஊரைக் கடந்து நாங்கள் கடலை நோக்கிப் போனோம். எங்கள் குடும்பத்தில் மலைக்கு முதலில் வந்தவருடைய பெயர்கூட எங்களுக்குத் தெரியாது. அவர் கடைசியாகக் கடலைப் பார்த்ததற்குப் பிறகு, எத்தனை தலைமுறை கடலைப் பார்க்காமலே தேயிலைச் செடிகளுக்கு நடுவில் முடிந்திருக்கும் என்று எண்ணியபடி தம்புள்ளை வரை பேசாமல் வந்தேன்.

தம்புள்ளைக்கும் ஹபரணைக்கும் பிறகு காடு. அதன் பிறகு கந்தளாய். சாலையோரக் கடைகளில் எருமைத் தயிர்ச் சட்டிகளை அடுக்கி வைத்திருந்தார்கள். இரண்டு சட்டி வாங்கிக்கொண்டு குளக்கட்டில் ஏறினோம். அக்கரை எட்டாத் தொலைவில் மெல்லிய நீலக் கோடாகத் தெரிந்தது. குளக்கோட்டன் என்னும் மன்னன் திருக்கோணேஸ்வரத்துக்குத் திருப்பணி செய்து, கோயில் நிலங்களுக்குப் பாய்ச்சுவதற்காகக் கந்தளாய்க் குளத்தையும் கட்டினான் என்பது இப்பகுதி மக்கள் தலைமுறை தலைமுறையாகச் சொல்லிவரும் கதை. 1986ஆம் ஆண்டு ஏப்ரல் 20ஆம் திகதி அதிகாலையில் இந்தக் கட்டு உடைந்து, நூற்றுக்கும் மேற்பட்டவர்கள் வெள்ளத்தில் மாண்டார்கள். உடைந்த இடம் எது என்று இன்று பார்த்தால் தெரியாது, புல் மூடியிருக்கிறது. குளத்து நீரில் எங்கள் மலை நீரும் கலந்திருக்கிறது என்று சொன்னதும் அம்மா படியில் இறங்கிப் பாதத்தை நனைத்தார். “வெதுவெதுன்னு இருக்கு புள்ள. நம்ம தண்ணி இப்படியா இருக்கும்?” என்றார்.

அவருடைய சந்தேகம் அண்ணன் வீட்டிலும் தீரவில்லை. மதியம் போய்ச் சேர்ந்தபோது கச்சான் காற்று வீசிக்கொண்டிருந்தது. எங்கள் பக்கத்தில் மழையை இறக்கிவைத்துவிட்டு மலையைத் தாண்டி வரும் அதே தென்மேற்குக் காற்றுத்தான் கிழக்கில் இப்படி வறண்டு, அனலாய் அடிக்கிறது. தலவாக்கலையில் நனைந்த குடை இன்னும் வேனில் ஈரமாகக் கிடக்க, இங்கே முற்றத்தில் காயப்போட்ட மிளகாய் சலசலத்தது. அண்ணி திருகோணமலையில் பிறந்து வளர்ந்தவர். என்னை “மச்சாள்” என்று அழைப்பார். எங்கள் பக்கத்தில் இல்லாத அந்தச் சொல்லை அவர் வாயால் கேட்க எனக்குப் பிடிக்கும். “வாங்கோ மாமி, முதல்ல கால் கழுவுங்கோ” என்று அம்மாவைக் குழாயடிக்கு அழைத்துப் போனார். அந்தக் குழாய்க்குத் தண்ணீர் எங்கிருந்து வருகிறது என்று அம்மா கேட்ட முதல் கேள்விக்கு அண்ணன் உள்ளேயிருந்து பதில் சொன்னார்: “கந்தளாயிலிருந்து, சித்தி. திருகோணமலை டவுனே கந்தளாய்த் தண்ணியைத்தான் குடிக்குது.” அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தார். பிறகு இரண்டு கையாலும் ஏந்தி ஒரு வாய் குடித்தார்.

மாலையில் கோணேஸ்வரம் போனோம். திருகோணமலைக்கு வருகிறவர்கள் எல்லோரும் பார்க்கும் இடம் அது என்பதால் அதைப் பற்றி எழுத எதுவும் மிஞ்சியிருக்காது என்று நினைத்தேன். ஆனால் மலையில் பிறந்தவர்களோடு அந்த மலையில் ஏறுவது வேறொரு அனுபவம். கோட்டை வாசலுக்குள் நுழைந்து, மரநிழலில் படுத்திருக்கும் புள்ளிமான்களைத் தாண்டி, கடைகள் வரிசையாக நிற்கும் ஏற்றத்தில் நடக்க வேண்டும். சமவெளியிலிருந்து வந்த கூட்டம் இரண்டு இடத்தில் நின்று மூச்சு வாங்கியது. அம்மா முழங்கால் வலியை மறந்தவர்போல் முன்னால் போய்க்கொண்டிருந்தார். முப்பத்தெட்டு வருடம் முதுகில் கூடையோடு ஏறியவருக்கு அந்த ஏற்றம் ஒரு பொருட்டே அல்ல.

கோணேஸ்வரம் நிற்கும் இந்தச் சுவாமி மலை எங்கள் கணக்கில் மிகக் குட்டை. தலவாக்கலை கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,200 மீற்றர் உயரத்தில் இருக்கிறது. அந்தத் தலவாக்கலையையே நாங்கள் பள்ளம் என்போம். ஆனால் எங்கள் மலைகள் ஒன்றன் தோளில் ஒன்று சாய்ந்து நிற்பவை. ஒரு மலையின் அடியைப் பார்த்தால் அது அடுத்த மலையின் இடுப்பாக இருக்கும். இங்கேயோ மலை தன்னந்தனியாகக் கடலுக்குள் நீட்டிக்கொண்டு போய், சட்டென்று செங்குத்தாக முடிந்துவிடுகிறது. உச்சியில், இராவணன் வெட்டு என்று சொல்லப்படும் பிளவுக்கு அருகிலுள்ள தடுப்புச் சுவரைப் பிடித்துக்கொண்டு அம்மா கீழே பார்த்தார். எத்தனையோ பள்ளத்தாக்குகளின் விளிம்பில் நின்று கொழுந்து கிள்ளியவர், தலை சுற்றுகிறது என்று பின்வாங்கினார். “பள்ளம்னா அடியில ஒரு ஓடையோ லயமோ இருக்கும்ல. இதுல ஒண்ணுமே இல்லாம ஆடிக்கிட்டே இருக்கு” என்றார். பிறகு மெல்ல மறுபடி நெருங்கி வந்து, ஒரு கையால் சுவரையும் மறு கையால் என் முந்தானையையும் பிடித்துக்கொண்டு, வெகுநேரம் பார்த்தார். கீழே பாறையில் அலை மோதி வெண்மையாக உடைவது கண்ணுக்குத் தெரிந்த பிறகுதான் அதன் ஓசை மேலே வந்தது.

இந்த மலையைத் திருஞானசம்பந்தர் பாடியிருக்கிறார். அவர் கடல் கடந்து வரவில்லை, இராமேசுவரத்தில் நின்றபடியே பாடினார் என்பது மரபு. ஏழாம் நூற்றாண்டில் அக்கரையில் நின்று பாடப்பட்ட இந்தக் கோயிலை 1620களில் போர்த்துக்கேயர் இடித்து, அதன் கற்களைக் கொண்டே இங்குள்ள கோட்டையைக் கட்டினார்கள். நுழைவாயிலில் இரட்டைக் கயல் பொறித்த கல்லை இன்றும் காணலாம். கோட்டை பின்னர் ஒல்லாந்தர், பிரெஞ்சுக்காரர், ஆங்கிலேயர் என்று கைமாறிப் போனதை வரிசையாகச் சொல்வதில் எனக்கு ஆர்வம் இல்லை. கோயில் இல்லாத காலத்திலும் மக்கள் இந்தப் பாறையின் விளிம்புக்கு வந்து பூவையும் தேங்காயையும் கடலுக்குள் இட்டு வழிபட்டார்கள் என்பதுதான் என்னை நிறுத்தி வைத்த செய்தி. இடிப்பதற்குக் கட்டடம் இல்லாமல் போனபோது பாறையையே கோயிலாக வைத்துக்கொண்டார்கள். 1950ஆம் ஆண்டில் நகரத்தில் கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய பழைய வெண்கலத் திருமேனிகள் வெளிவந்தன. 1956இல் ஆர்தர் சி. கிளார்க்கும் மைக் வில்சனும் இந்தப் பாறையடிக் கடலில் மூழ்கிய காலத்தில் இடிந்த கோயிலின் எச்சங்கள் கண்டறியப்பட்டன. 1963இல் புதிய கோயிலுக்குக் குடமுழுக்கு நடந்தது. எங்கள் தோட்டத்திலும் ஒரு மரத்தடியில் கல்லை நட்டு மாடசாமி என்று கும்பிடுகிறோம். அந்தக் கல்லை வைத்தவர்களும் இராமேசுவரக் கரையைக் கடந்து வந்தவர்களாகத்தான் இருப்பார்கள். தீபாராதனையின்போது அம்மா கண்ணை மூடவில்லை. கருவறையைப் பார்த்துக் கும்பிட்டுவிட்டு, திரும்பிக் கடலையும் பார்த்துக் கும்பிட்டார்.

மலையிலிருந்து பார்த்தால்தான் இந்த நகரத்தின் அமைப்பு விளங்கும். நிலம் விரல்களை விரித்ததுபோல் கடலுக்குள் நீள, ஒவ்வொரு விரலிடுக்கிலும் ஒரு குடா. உவர்மலை போன்ற மேடுகளில் வீடுகள் ஏறி நிற்கின்றன. ஒரு தெருவில் போனால் முடிவில் கடல், அடுத்த தெருவில் போனால் முடிவில் ஏற்றம். உட்துறைமுகத்தைச் சுற்றிலும் காடு மூடிய குன்றுகள் காவல் நிற்பதால், வெளியே காற்று எப்படி அடித்தாலும் உள்ளே தண்ணீர் அசைவதில்லை. கரைக்கு மிக அருகிலேயே கப்பலுக்குப் போதிய ஆழம். கொட்டியாரக் குடாவிலிருந்து தொடங்கி ஒரு பெரும் பள்ளத்தாக்குக் கடலின் அடியில் வெகுதூரம், பல்லாயிரம் அடி ஆழத்துக்கு இறங்கிப் போகிறது. அந்த ஆழம் கரையை நெருங்கி இருப்பதால்தான் இங்கே திமிங்கிலங்கள் நிலத்துக்கு இவ்வளவு பக்கத்தில் வருகின்றன. மலைநாட்டில் தொடங்கிய பள்ளத்தாக்கின் தொடர்ச்சியே கடலுக்குள்ளும் போவதுபோல் எனக்குத் தோன்றியது. மாணவர்களுக்குக் கரும்பலகையில் எத்தனையோ முறை வரைந்து காட்டிய துறைமுகம்தான். நேரில் பார்த்தபோது என் படத்தில் குன்றுகளே இல்லாமல் இருந்தது உறைத்தது.

இரண்டாம் நாள் விடியற்காலையில் கடற்கரைக்குப் போனோம். பிள்ளைகள் குளிக்க இறங்கினார்கள். அம்மா மணலில் உட்காராமல், சற்றுத் தள்ளிக் கரைவலை இழுத்துக்கொண்டிருந்தவர்களிடம் போய் நின்றார். நானும் பின்னால் போனேன்.

தோணியில் கொண்டுபோய் அரைவட்டமாகக் கடலில் விட்ட வலையின் இரு முனைக் கயிறுகளையும் கரையில் இரண்டு அணி இழுக்கிறது. ஒவ்வோர் அணியிலும் பன்னிரண்டு பதினைந்து பேர். ஒவ்வொருவர் இடுப்பிலும் ஒரு சிறு கயிறு கட்டியிருக்கிறது. அதன் நுனியைப் பெரிய கயிற்றில் கொளுவி, உடம்பைப் பின்னுக்குச் சாய்த்து, குதிகாலை மணலில் ஊன்றி, கையால் அல்லாமல் இடுப்பால் இழுக்கிறார்கள். பின்னோக்கி நடந்து மேட்டுக்கு வந்தவர் கொளுவியைக் கழற்றிக்கொண்டு ஓடிப்போய் நீர் விளிம்பில் மீண்டும் மாட்டுகிறார். ஒருவர் அம்பா என்னும் வலை இழுக்கும் பாட்டைப் பாட, மற்றவர்கள் அடியெடுத்து இழுக்கிறார்கள். முன்பெல்லாம் வேலை நெடுகப் பாட்டு இருக்கும், இப்போது வலை கனக்கும்போது மட்டும்தான் என்று அண்ணன் சொன்னார். ஒரு மணி நேரத்துக்கு மேல் ஆனது. வலையின் மடி கரையை நெருங்கியபோது தண்ணீர் கொதிப்பதுபோல் துள்ளியது; கரையில் ஒதுக்கியபோது பெரும்பாலும் சாளையும் கீரியும், நடுவே சில பாரைக் குட்டிகள்.

அம்மா மீனைப் பார்க்கவில்லை. இழுத்து முடித்து உட்கார்ந்திருந்த வயதான ஒருவரின் இடுப்பைப் பார்த்துக்கொண்டிருந்தார். சாரத்துக்கு மேலே, கயிறு பதிந்த இடத்தில், தோல் கறுத்து, தடித்து, பளபளத்தது. அம்மா தன் உச்சந்தலைக்குச் சற்று முன்னால் முடியை விலக்கி, கூடைக் கயிறு பதிந்து மயிர் முளைக்காமல் போன இடத்தைத் தொட்டுக்கொண்டார். “கொழுந்துக் கூடைங்க” என்று அவருக்குச் சொன்னார். அவர் புரிந்துகொண்டு தலையசைத்தார். “உங்களுக்கு எவ்வளவு குடுக்கிறவங்கள்?” என்று கேட்டார். அம்மா கிலோக் கணக்கையும், எடை குறைந்தால் அரைப் பேர், அதாவது அரை நாள் சம்பளம், விழும் முறையையும் விளக்கினார். அவர் வலைக்குச் சொந்தக்காரரான சம்மாட்டிக்குப் போகும் பங்கையும் இழுப்பவர்களுக்கு வரும் பங்கையும் விளக்கினார். முதல் நாள் மாலை கோயிலில்கூட அம்மா ஓர் அந்நியரோடு இவ்வளவு நேரம் பேசவில்லை. புறப்படும்போது அவர் ஒரு கைப்பிடி சாளையை வாழையிலைத் துண்டில் சுற்றிக் கொடுத்தார். எங்கள் தோட்டத்துக் கடையில் மீன் என்றால் நெத்தலிக் கருவாடும் ரின் மீனும்தான். கடலிலிருந்து வந்து ஒரு மணி நேரம்கூட ஆகாத மீனை அம்மா அன்றைக்குத்தான் முதன்முதலில் அலசிச் சமைத்தார்.

கன்னியா வெந்நீர் ஊற்றுக்கும் போனோம். குட்டிச் சுவர் கட்டிய ஏழு சிறு கிணறுகள். ஒன்றின் சூடு இன்னொன்றில் இல்லை. தாயின் ஈமக்கடனுக்காக இராவணன் உண்டாக்கிய ஊற்று என்பது கதை. இறந்தவர்களுக்குக் கிரியை செய்யத் தமிழர்கள் காலங்காலமாக இங்கே வருகிறார்கள். அம்மா வாளியால் மொண்டு பெரியம்மாவின் பெயரைச் சொல்லித் தலையில் ஊற்றிக்கொண்டார். போகும் வழியில் சீனன்குடாப் பக்கம் ஆங்கிலேயர் கட்டிய எண்ணெய்க் குதங்கள் காட்டுக்குள் துருப்பிடித்து நிற்பதையும் பார்த்தோம். அங்கே எஞ்சியிருப்பவை 99. 1942 ஏப்ரல் 9ஆம் திகதி ஜப்பானிய விமானங்கள் இத்துறைமுகத்தைத் தாக்கிய நாளின் நினைவாக என் மகன் அவற்றை எண்ண முயன்றான், வேன் நிற்கவில்லை. புறாமலைக்குப் படகில் போய்ப் பவளப்பாறை பார்க்கலாம் என்று தம்பி கேட்டபோது நான் வேண்டாம் என்றேன். நேரம் இல்லை என்பதோடு, ஒரு நாளில் அத்தனை பேர் அந்தச் சின்னத் தீவைச் சுற்றிப் பவளத்தின் மேல் கால் வைப்பதில் நாங்களும் சேர வேண்டாம் என்பது என் எண்ணம்.

மூதூருக்குப் போயே ஆக வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருந்தேன். திருகோணமலைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் நிலாவெளிக் கடற்கரையோடு திரும்பிவிடுகிறார்கள். குடாவின் தெற்குக் கரையை யாரும் பார்ப்பதில்லை. எனக்கு அது குறையாகவே படுகிறது. கிண்ணியாவில் 2009ஆம் ஆண்டு திறக்கப்பட்ட நீண்ட பாலம் இருக்கிறது. அதற்கு முன்பு அங்கே பாதையில்தான் கடக்க வேண்டும். நாங்கள் தெருவைப் பாதை என்போம். கிழக்கில் பாதை என்றால் வாகனங்களையும் ஆட்களையும் ஏற்றி ஆற்றைக் கடக்கும் மிதவை. மட்டக்களப்பு வீதியில் இப்படிப் பல பாதைகள் இருந்தனவாம். ஒரு பாதையைத் தவறவிட்டால் அந்த நாளே போய்விடும், ஆஸ்பத்திரி வாட்டில் வைத்திருந்த பெரியம்மாவைப் பார்க்க வந்தபோது ஒரு முறை அப்படித்தான் கரையில் படுத்துக் கிடந்தேன் என்று அண்ணன் சொல்லிக்கொண்டே வந்தார்.

கொட்டியாரம் எங்கள் மலைக்குத் தொடர்பு இல்லாத இடம் அல்ல என்பதற்கு இன்னொரு சான்றும் உண்டு. 1660ஆம் ஆண்டில் புயலில் சேதமடைந்த கப்பலைச் செப்பனிட இந்தக் குடாவுக்குள் வந்த ஆங்கிலேயர்களைக் கண்டி அரசன் இரண்டாம் இராஜசிங்கனின் ஆட்கள் பிடித்து மலைநாட்டுக்குக் கொண்டுபோனார்கள். அவர்களுள் ஒருவரான றொபேட் நொக்ஸுக்கு அப்போது பத்தொன்பது வயது. ஏறத்தாழ இருபது வருடம் மலைகளுக்கு நடுவே காவலில் வாழ்ந்து, 1679இல் தப்பி அரிப்புக் கோட்டைக்குப் போய்ச் சேர்ந்தார். அவர் பிடிபட்ட நினைவாக மூதூரில் கல் ஒன்று நட்டிருக்கிறார்கள். கடற்கரையிலிருந்து மலைக்குக் கொண்டுபோகப்பட்டு, திரும்பக் கடலைக் காண ஏங்கிய ஒருவரின் கதையை எங்கள் ஆட்கள் கேட்டால் புரிந்துகொள்வார்கள். அவர் திரும்பிப் போன அரிப்புக் கரை, பின்னாளில் எங்கள் முன்னோர் பலர் வந்து இறங்கிய மன்னார்க் கரையிலேயே இருக்கிறது.

கிண்ணியாவைத் தாண்டி, மூதூருக்கு முன்பு, கங்கைப் பாலம் வருகிறது. கங்கை என்றாலே இங்குள்ளவர்களுக்கு மகாவலிதான். வேனை ஓரமாக நிறுத்தச் சொன்னேன். தலவாக்கலையில் பாறைக்குப் பாறை குதித்து, நுரைத்து, இரவில் லயத்துக்குள் படுத்திருந்தால் காதில் விழும் தண்ணீர், மகாவலியின் 335 கிலோமீற்றர் ஓட்டம் முடியப்போகும் இந்த இடத்தில் ஓசையே இல்லாமல், பச்சையும் பழுப்புமாக, அகன்று கிடந்தது. ஓடுகிறதா நிற்கிறதா என்றே தெரியவில்லை. ஒரு சருகு மெல்ல நகர்ந்ததைப் பார்த்துத்தான் ஓடும் திசையை அறிந்தோம். இரு கரையிலும் நாணலும் கண்டலும். மேலே கொத்மலையில் ஓர் அணை, தலவாக்கலையிலேயே 2012 முதல் இன்னோர் அணை, பொல்கொல்லை, விக்டோரியா என்று எத்தனையோ இடத்தில் தடுத்து, மின்சாரத்துக்கும் வயலுக்கும் கொடுத்ததுபோக மிஞ்சி வந்த நீர் இது. தலவாக்கலை அணைக்காக எங்களுக்குத் தெரிந்த குடும்பங்கள் வீடு மாறின. அதன் பிறகு எங்கள் ஓயாவின் இரைச்சலும் குறைந்துபோனது.

பாலத்தின் கைபிடிச் சுவரில் சாய்ந்து தூண்டில் போட்டுக்கொண்டிருந்த மூதூர்க்காரர் ஒருவர், நாங்கள் ஒன்பது பேரும் வரிசையாக நின்று தண்ணீரையே பார்ப்பதைக் கண்டு, “எங்கிருந்து வாறீங்க?” என்று கேட்டார்.

“தலவாக்கலைங்க” என்றார் அம்மா. “இந்த ஆறு எங்க ஊருலதான் பொறக்குது. எங்க லயத்துப் பீலித் தண்ணியும் இதுலதான் வருது.”

அவர் தூண்டிலை மறு கைக்கு மாற்றிக்கொண்டு அம்மாவை முழுமையாகத் திரும்பிப் பார்த்தார். “அப்ப மார்கழியில வந்து பாருங்க அம்மா. கங்கை பெருகினா இந்த வயலெல்லாம் தெரியாது, எங்கட வாசல் மட்டும் தண்ணி நிக்கும். வெள்ளம் போனாப் பிறகு வயல்ல வண்டல் நிக்கும் பாருங்க, அப்படியே கறுப்பு மண். அது மலை மண் எண்டுதான் வாப்பா சொல்லுவார்.” சற்று நிறுத்தி, “அங்க இப்ப மழையா?” என்று கேட்டார்.

“விடாம பேயுது” என்றார் அம்மா.

“நல்லம்” என்று சொல்லிவிட்டு அவர் தூண்டிலைப் பார்க்கத் திரும்பினார்.

அம்மா பாலத்தின் மறு பக்கத்துக்குப் போனார். அந்தப் பக்கம் ஆறு ஒரு வளைவு வளைந்து கொட்டியாரக் குடாவை நோக்கிப் போகிறது. கடல் அங்கிருந்து தெரியவில்லை. வேனிலிருந்து தம்பி இரண்டு முறை ஹோன் அடித்தான். இன்னும் 260 கிலோமீற்றர் ஏறிப் போக வேண்டும், மறுநாள் காலையில் அவனுக்கு வேலை. என் மகன் அம்மாவின் கையைப் பிடித்து இழுத்தான். “இரு சாமி” என்றார் அம்மா. முதல் சருகு வளைவில் மறைந்த பிறகு, அடுத்து ஒன்று வருவதற்காகக் காத்து நின்றார்.